ஊதா பாக்டீரியாவின் இரும்பு-கந்தகப் புரதம்: நிறமாலையில் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரங்காடு அலையாத்திக் காட்டில் அழுகிய முட்டை வாடை அடிக்கும் கறுப்புச் சேற்றைக் கண்ணாடிப் புட்டியில் அள்ளி, அங்கேயே கடல்நீர் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி வெளிச்சத்தில் வையுங்கள். சில வாரங்களில் கண்ணாடியோரம் ஊதாவோ இளஞ்சிவப்போ படர்ந்தால், ஹைட்ரஜன் சல்பைடை வைத்து ஒளிச்சேர்க்கை செய்யும் ஊதா கந்தக பாக்டீரியா வந்துவிட்டது என்று நம்பலாம். அதில் ஓர் இனத்தைத் தனியாக வளர்த்து, செல்லை உடைத்து, அதிலுள்ள இரும்பு-கந்தகப் புரதத்தை (இரும்பும் கந்தகமும் கொத்தாகச் சேர்ந்து எலக்ட்ரானைக் கடத்தும் புரதம்) பிரிப்பது தனிப் பதிவுக்கான விஷயம். பழுப்பாக ஒரு கரைசல் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கரைசலை ஐஸிலேயே வையுங்கள், நம்ம ஊர் வெக்கை அதற்கு ஆகாது. அளவெடுக்கக் கரைசலை ஊற்றும் சின்னக் குப்பி, அதாவது க்யூவெட், குவார்ட்ஸில்தான் வேண்டும், சாதா பிளாஸ்டிக் 280 நானோமீட்டரில் ஒளியை விடாது. புரதம் இல்லாத வெறும் பஃபரை பிளாங்க்காக (ஒப்பிட அடிப்படையாக) வைத்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று 250 முதல் 900 நானோமீட்டர் வரை ஸ்கேன் செய்யுங்கள். 800-ஐத் தாண்டி மேடு தெரிந்தால் பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கை நிறமியான பாக்டீரியோகுளோரோஃபில் ஒட்டியிருக்கிறது, 410 பக்கம் கூர்முனை என்றால் சைட்டோகுரோம் என்ற ஹீம் புரதம் கலந்திருக்கிறது, எதுவானாலும் மறுபடி சுத்தம் செய்யுங்கள். இரும்பு-கந்தகக் கொத்து கூர்முனை தராது, அகலமான திமில்தான் தரும்.

இரண்டு இரும்பு உள்ள கொத்து என்றால் 330, 420, 460 பக்கம் மேடுகள் வரும். நான்கு இரும்பு என்றால் 390-ஐ ஒட்டி ஒரே திமில். சரி, ஆனால் நான்கு இரும்புள்ள ஃபெரெடாக்சின், ஹைபிப் எனப்படும் உயர் மின்னழுத்தப் புரதம் ஆகிய இரண்டு வகை இரும்பு-கந்தகப் புரதங்களும் இந்த இடத்தில்தான் திமில் காட்டும் (அல்லோகுரோமேட்டியம் வினோசம் என்ற ஊதா கந்தக பாக்டீரியாவின் ஹைபிப்புக்கு 388), அதனால் ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்துப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

பாதிக் கரைசலில் ஆக்சிஜனை வெளியேற்றி, அப்போதே கரைத்த டைத்தயோனைட்டை (எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கும் வேதிப்பொருள்) சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் வெளுத்தால் ஃபெரெடாக்சின். ஹைபிப் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட நிலையிலேயே கைக்கு வருவதால் அசையாது. மீதிப் பாதியில் ஃபெர்ரிசயனைடு (எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனேற்றும் வேதிப்பொருள்) விடுங்கள்: ஹைபிப்பாக இருந்தால் 388 திமில் மங்கி 480 பக்கம் உயரும். ஃபெர்ரிசயனைடுக்கே 420-இல் மேடு உண்டு, ஆகவே ஜெல் நிரப்பிய சின்னக் குழாயில் (column) ஓட்டி அதை நீக்கிய பிறகே அளவெடுங்கள். டைத்தயோனைட்டும் அப்படித்தான், 315 பக்கம் காணும் எதையும் நம்பாதீர்கள்.

அப்புறம் ஈபிஆர், அதாவது தனி எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறியும் நிறமாலைச் சோதனை. ஹைபிப்பை ஆக்சிஜனேற்றியும், ஃபெரெடாக்சினை ஒடுக்கியும் உறைய வைத்து அனுப்புங்கள், நிலை மாறிப்போனால் சிக்னலே வராது. முன்னதற்கு ஜி மதிப்பு (சிக்னல் எங்கே வருகிறது என்று காட்டும் எண்) 2.12, 2.04 பக்கம் இருக்கும், பின்னதற்கு 1.94-ஐத் தேடுங்கள். நான்கு இரும்புக் கொத்துக்குத் திரவ நைட்ரஜன் குளிர் போதாது, திரவ ஹீலியம் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே மாதிரியை அனுப்புங்கள்.