முத்துத்தூளும் ஆய்வுச் சான்றும்: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை கீழமாசி வீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் ‘முத்து’ என்று கேட்டால் கைக்கு வரக்கூடிய பொடி ஒன்றல்ல. முத்தை நெருப்பில் புடமிட்டுப் பொடியாக்கிய சித்த மருந்தான முத்து பற்பம் ஒன்று. ஆயுர்வேத முறையில் செய்த முக்தா பிஷ்டி இன்னொன்று. முத்துச்சிப்பி பற்பம் வேறொன்று. முகத்தில் பூசுவதற்கென விற்கப்படும் வெண்பொடி நான்காவது. இணையத்தில் தேடுவோருக்கு ‘நானோ’ என்ற அடைமொழியுடன் வரும் வெளிநாட்டு உறைகளும் கண்ணில் படும். இவை அனைத்தையும் முத்துத்தூள் என்ற ஒரே பெயரில் அடக்கி, ஒன்றைப் பற்றி வெளியான ஆய்வை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

பச்சை முத்தின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கால்சியம் கார்பனேட். அது அரகோனைட் என்னும் படிக வடிவில் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தகடுகளைப் பிணைக்கும் கான்கியோலின் என்ற புரதம் சில விழுக்காடும், சிறிதளவு நீரும், மிக நுண்ணிய அளவில் ஸ்ட்ரான்சியம், மக்னீசியம் போன்ற தனிமங்களும் எஞ்சியவை. ஆய்வாளர்கள் ஆர்வத்துடன் தேடியது பெரும்பாலும் அந்தச் சில விழுக்காட்டுப் புரதத்தைத்தான். பற்பம் செய்யும் முறையை இதனோடு சேர்த்துப் பாருங்கள். முத்தைச் சுத்தி செய்து, சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் வைத்து, மண் பூசிய துணியால் மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கி எரித்துப் புடமிடுகிறார்கள். அந்தச் சூட்டில் புரதம் எரிந்துவிடுகிறது. அரகோனைட் கால்சைட் என்ற வேறு படிகமாக மாறிவிடுகிறது. பன்னீர் விட்டு நெருப்பின்றி அரைக்கும் பிஷ்டியில் இவ்வாறு நிகழ்வதில்லை. இதனால் பற்பம் தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. சித்த மருத்துவத்தில் அதற்கென ஓர் இடமும் அளவும், அதைக் கலந்து உண்பதற்கான அனுபானமும் உண்டு. ஆனால் முத்துப் புரதத்தை வைத்து நடந்த ஆய்வின் முடிவை, புரதமே இல்லாத பற்பத்தின் உறையில் அச்சிடுவது நேர்மையான செயல் அன்று.

ஆய்வுகளைப் படிப்பதில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் விளம்பரங்கள் இங்குதான் மக்களை ஏமாற்றுகின்றன. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் மனித ஆய்வு ஒன்று தைவானில் நடந்து 2018-இல் வெளியானது. நடுத்தர வயதுடைய, நலமாக உள்ள 20 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழு நாளொன்றுக்கு 3 கிராம் முத்துத்தூளையும் மற்றொரு குழு அதே அளவு வெற்றுப்பொடியையும் 8 வாரங்கள் உட்கொண்டன. முத்துத்தூள் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்றத் தடுப்பைக் காட்டும் அளவீடுகள் உயர்ந்தன. ஒழுங்காகத் திட்டமிட்ட ஆய்வுதான். குறை அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. அளக்கப்பட்டவை இரத்தத்தில் உள்ள சில வேதிப்பொருள்கள். அவற்றின் உயர்வு ஒருவருடைய முதுமையைத் தள்ளிப்போடும், நோயைத் தடுக்கும், ஆயுளைக் கூட்டும் என்பது அந்த ஆய்வில் சோதிக்கப்படவே இல்லை. இருபது பேரிடம் இரண்டு மாதம் நடந்த ஒரு சோதனை, அடுத்த பெரிய சோதனையை நடத்தலாம் என்பதற்குக் காரணம் ஆகுமே தவிர, மருந்து வாங்குவதற்குக் காரணம் ஆகாது.

அந்த 3 கிராம் என்ற அளவும் கவனத்திற்குரியது. பற்பங்களை நம் மருத்துவர்கள் அரிசி எடை, குன்றிமணி எடை என்ற கணக்கில்தான் தருகிறார்கள். ஒரு குன்றிமணி ஏறத்தாழ 130 மில்லிகிராம். ஆக, ஆய்வில் ஒரு நாளைக்குக் கொடுக்கப்பட்டது ஏறக்குறைய இருபத்துமூன்று குன்றிமணி எடை. ஆய்வில் கண்ட பலனை எதிர்பார்த்துக் குன்றிமணி அளவில் உண்பதும் தவறு. பலன் வேண்டும் என்பதற்காகப் பற்பத்தைத் தாமாகவே கிராம் கணக்கில் விழுங்குவது அதைவிடப் பெரிய தவறு.

முத்துத்தூள் எலும்பை வலுப்படுத்தும் என்ற கூற்றுக்குப் பின்னால் உண்மையிலேயே அழகான அறிவியல் ஒன்று இருக்கிறது. 1992-இல் எவலின் லோபேஸ் தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர்கள், பெரிய முத்துச்சிப்பி ஒன்றின் ஒளிரும் உள்ளடுக்கை மனித எலும்பு செல்களோடு ஆய்வகத் தட்டில் வைத்தபோது, அந்தச் செல்கள் புதிய எலும்புப் பொருளை உருவாக்கியதைக் கண்டார்கள். எலும்புக் குறையுள்ள இடத்தில் அந்த அடுக்கின் தூளையே வைத்து நிரப்பலாமா என்ற ஆராய்ச்சி அதைத் தொடர்ந்து வளர்ந்தது. ஆனால் இவை எல்லாவற்றிலும் சிப்பியின் பொருள் எலும்போடும் செல்லோடும் நேராக ஒட்டியிருந்தது. வாய்வழியே உண்ணும்போது புரதம் இரைப்பையிலும் குடலிலும் செரித்துச் சிறு துண்டுகளாகச் சிதைந்துவிடுகிறது. கார்பனேட் அமிலத்தில் கரைகிறது. மூட்டுத் தேய்மானத்தால் படியேற முடியாமல் தவிக்கும் ஒரு தாயிடம் இந்த ஆய்வைக் காட்டிப் பொடி விற்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் செயல்.

கால்சியத்துக்காக என்றால் கணக்கு எளிது. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடு கால்சியம். எனவே ஒரு குன்றிமணி எடைப் பொடி முழுவதும் கார்பனேட் என்றே வைத்துக்கொண்டாலும் கிடைப்பது சுமார் 52 மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தேனி, உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளில் இன்றும் கிண்டப்படும் கேழ்வரகுக் களியை விட்டுவிட்டு, அதே சத்துக்காக விலையுயர்ந்த பொடியைத் தேடிப் போக வேண்டியதில்லை. நுண்ணிதாக அரைத்த முத்துத்தூளில் உள்ள கால்சியம் உடலில் கூடுதலாகச் சேர்கிறது என 2008-இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் அது அரைப்பின் நுண்மையால் வந்த பலன். பற்றாக்குறையுள்ள ஒருவருக்கு எத்தனை மில்லிகிராம் தேவை என்ற கேள்வியை அது மாற்றிவிடாது.

முத்து உண்டதும் நெஞ்செரிச்சல் தணிந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கால்சியம் கார்பனேட் இரைப்பை அமிலத்தை நடுநிலையாக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் அமில முறிவு மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் அதே பொருள்தான். அந்தத் தணிவையே நோய் குணமானதன் அறிகுறியாகக் கொள்வதுதான் தவறு. எரிச்சல் வாரக்கணக்கில் தொடர்ந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், உடல் எடை காரணமின்றிக் குறைந்தாலும் பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முகத்துக்குப் பூசுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நுண்பொடி தோலின் மேல் படிந்து ஒளியைச் சிதறச் செய்வதால் முகம் சற்று வெளிர்ந்து தெரியும், கழுவினால் போய்விடும். நிறத்தை அது மாற்றுவதில்லை. சித்திரை வெயிலுக்கு முத்துத்தூள் போதும் என்று எண்ணிச் சூரியத் தடுப்புக் களிம்பைக் கைவிடக் கூடாது.

பாண்டிய நாட்டுக்காரர்களான நமக்கு முத்தின் மேல் தனி உரிமை உணர்வு இருப்பது இயல்பே. கொற்கையின் முத்து கடல் கடந்த புகழுடையது. ஆயினும் ‘மன்னார் வளைகுடாவின் இயற்கை முத்து’ என்ற வாசகத்தை நம்பிப் பணம் கொடுப்பது தவறு. தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு ஓய்ந்துவிட்டது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் அங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள் என்றாலும், உலகில் இன்று விளையும் நன்னீர் முத்துகளில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறது, ஆகவே அசல் முத்து என்று கடைக்காரர் காட்டும் சோதனையும் எதையும் நிறுவாது. சிப்பி, முட்டை ஓடு, சுண்ணாம்புக்கல் என எதன் தூளானாலும் கார்பனேட் இருந்தால் நுரைக்கத்தான் செய்யும்.

‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்ற எண்ணம் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. சிப்பிகள் தாம் வாழும் நீரிலுள்ள உலோகங்களையும் உடலில் சேர்த்துக்கொள்பவை. 1993-இல் வெளியான ஆய்வொன்று 70 வணிகப் பெயர்களில் விற்ற கால்சியப் பொருள்களைச் சோதித்து, சிப்பி ஓடு போன்ற இயற்கை மூலங்களிலிருந்து எடுத்தவற்றில் ஈயம் கணிசமாக இருப்பதைக் காட்டியது. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தது. இவை முத்துத்தூளை மட்டும் சோதித்த ஆய்வுகள் அல்ல. ஆனாலும் உறையில் தயாரிப்பு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத, பொட்டலமாக மடித்துத் தரப்படும் பொடியைக் கருவுற்ற பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுக்கவே கூடாது என்பதற்கு இவை போதுமான காரணம். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது மருந்து, மாய மருந்து விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அப்படி எழுதிய உறையைக் கண்டால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

தைராய்டு குறைவுக்காகத் தைராக்சின் மாத்திரை உண்பவர்கள் முத்துத்தூளை அதே வேளையில் எடுத்தால், கால்சியம் அந்த மருந்தைக் குடலில் பிடித்து வைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும், டெட்ராசைக்கிளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் இவ்வாறே பாதிக்கப்படும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகச் செயல் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். சித்த மருத்துவர் கொடுத்ததை ஆங்கில மருத்துவரிடம் சொன்னால் கடிந்துகொள்வார் என்று அஞ்சி மறைப்பவர்கள் பலர். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போனாலும் சரி, தனியார் மருத்துவரிடம் போனாலும் சரி, உண்ணும் பொடியின் உறையையும் மாத்திரைச் சீட்டையும் சேர்த்தே எடுத்துச் சென்று, எவ்வளவு, எந்த வேளையில், எதனுடன் கலந்து உண்கிறீர்கள் என்பதை இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.