ப்ரொபேஷன் பாண்டை மீறிட்டதா சம்மன் வந்தா பண்ணக்கூடாத தப்புகள்

ப்ரொபேஷன் பாண்ட்னா, குத்தம் நிரூபணமானவரை உடனே தண்டிக்காம, ஒழுங்கா இருப்பேன்னு எழுதி வாங்கிட்டு விடறது. எக்மோர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன்னு எந்த கோர்ட் பக்கம் போனாலும் புதுசா கோட் மாட்டின வக்கீல் பசங்க இந்த விஷயத்துல ஒரே தப்பைத்தான் திருப்பித் திருப்பி பண்றாங்க, எங்க செட்டு ஜூனியரா இருந்தப்பவும் இதே கதைதான். வாய்தாவுக்கு நேரத்துக்கு வரணும்ங்கிற மாதிரி விஷயத்தை எல்லாம் விட்டுடறேன்.

"அம்பது ரூபா தானே, ஒத்துக்கோ"

இதைக் கேட்டாலே இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. 1958 நன்னடத்தைச் சட்டம் செக்‌ஷன் 9ல, பாண்டை மீறினது முதல் தடவையா இருந்தா 50 ரூபாய் வரைக்கும் பெனால்ட்டி போடலாம்னு இருக்கு. அதை மட்டும் படிச்சுட்டு பெட்டி கேஸ் ஃபைன்னு நினைச்சு ஒத்துக்க வெச்சுடறாங்க. அதுக்கு முந்தின வரியிலேயே, மீறினது உண்மைன்னு பட்டா பழைய கேஸுக்கே தண்டனை கொடுக்கலாம்னு இருக்கே, அதைப் படிக்கிறதில்ல. ரெண்டுல எதுங்கறது மாஜிஸ்ட்ரேட் முடிவு.

ஒரு பையன், செல்போன் திருட்டு கேஸ், பாண்டுல விட்டிருந்தாங்க, மாசாமாசம் நன்னடத்தை அலுவலரைப் பார்க்கணும். நடுவுல கூவம் கரையில இருந்த வீட்டைக் காலி பண்ணி குடும்பத்தையே பெரும்பாக்கத்துக்கு மாத்திட்டாங்க, லெட்டர் எல்லாம் இல்லாத வீட்டு அட்ரஸுக்குப் போயிட்டு இருந்திருக்கு, கடைசியில கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போயிடுச்சு. வீடு ஒதுக்கின ஆர்டர், தேதியோட, அவங்கம்மா மஞ்சப்பையிலயே இருந்துச்சு. அந்தப் பையை ஒருத்தரும் திறந்து பார்க்கல. பேர் கூப்பிட்டதும் "தப்புதாங்கய்யா"ன்னு சொல்ல வெச்சாங்க, திருட்டு கேஸுக்கே தண்டனை, சாயங்காலம் புழல் வண்டியில ஏத்திட்டாங்க.

ஜெயிலோட முடிஞ்சா பரவால்ல. பாண்டுல விட்டவங்களுக்கு, கன்விக்‌ஷனால வர்ற தகுதியிழப்பு கிடையாதுன்னு செக்‌ஷன் 12 சொல்லுது, ஆனா அப்புறமா பழைய கேஸுக்கே தண்டனை வாங்கிட்டா அந்தப் பாதுகாப்பும் போச்சு. சரி, 50 ரூபாயோட விட்டாங்கன்னே வெச்சுக்கோங்க, முதல் தடவைங்கிற சலுகை அதோட தீர்ந்துடும், பாண்ட் அப்படியே தொடரும், அந்தப் பணத்தைக் கெடுவுக்குள்ள கட்டலன்னா அதுக்கும் பழைய தண்டனை வரலாம்.

அதனால முதல்ல ரிப்போர்ட் காப்பி கேளுங்க. எந்த கண்டிஷன், எந்தத் தேதியில மீறினதா சொல்றாங்கன்னு பாருங்க. ஆஸ்பத்திரி ஓபி சீட்டு, வாடகை ரசீது, கையில இருக்கிறதை எல்லாம் வெச்சு பதில் போடுங்க, விசாரிச்ச பிறகுதான் முடிவெடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு.

வீடு மாறினா

சம்மன் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. நன்னடத்தை அலுவலர் மனு போட்டா செக்‌ஷன் 8ல கோர்ட் கண்டிஷனையே மாத்தித் தரலாம். அவர்கிட்ட போய் உடனே கேளுங்க, ரெண்டு பஸ் மாறி வர்றவன் கஷ்டத்தை நாம சொன்னாதான் தெரியும்.

"சார்கிட்ட போன்ல சொல்லிட்டேன்"

போதாது. எழுதிக் கொடுத்து காப்பியில சீல் வாங்குங்க.

வாரண்ட்னதும் ஊருக்குக் கிளம்பறது

வேண்டாம். வாரண்டைத் திரும்ப வாங்கிக்கச் சொல்ற ரீகால் பெட்டிஷனோட நேரா போய் ஆஜராகுங்க, ஜாமீன்ல விடற அதிகாரம் செக்‌ஷன் 9லயே இருக்கு.

110 பாண்டோட குழப்பிக்கிறது

அது வேற, இது வேற. அது பழைய சிஆர்பிசி (குற்ற நடைமுறைச் சட்டம்) செக்‌ஷன் 110ல, வழக்கமா குத்தம் பண்றவங்கன்னு சொல்லப்படறவங்க எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி எழுதிக் கொடுக்கிறது, இப்போ அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல செக்‌ஷன் 129. கேஸ் கட்டைத் திறந்ததும் எந்த பாண்டுன்னு பாருங்க.

ஜாமீன்தாரரை மறக்கிறது

சம்மன் அவருக்கும் போகலாம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரரோ மாமாவோ கையெழுத்துப் போட்டுட்டு மறந்தே போயிருப்பார், போலீஸ் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க.

வக்கீல் வைக்க காசில்லன்னா

இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் பண்ணுங்க. கஸ்டடியில இருக்கிறவங்களுக்கும், பெண்களுக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராவும் போகலாம், போகும்போது சம்மனையும் பாண்ட் காப்பியையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.