நெடுவரிசையின் பெயரை மாற்றினால் பொருள் மாறாது: தரவுப் பகுப்பாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், தரவுப் பகுப்பாய்வுப் பணியில் புதிதாகச் சேர்ந்த இருவர் தாங்கள் உருவாக்கிய மாடலை, அதாவது பழைய தரவைக் கொண்டு இனி நடப்பதைக் கணிக்கும் நிரலை, என்னிடம் காட்டினார்கள். கணக்கில் பிழையில்லை, நிரலும் நேர்த்தியாக இருந்தது. ஆனால், மேலாளர்கள் போட்ட மதிப்பெண் இருந்த நெடுவரிசைக்கு அவர்கள் 'திறமை' என்று பெயரிட்டிருந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறும் இதுவே. கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது, அனுமதியில்லாத கோப்பைத் திறக்கக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லெண்ணத்தோடு உழைப்பவர்களும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அளந்த எண்ணையே அறிய விரும்பிய உண்மையாகக் கொள்வது

குடிநீர்க் குழாய்கள் எந்தப் பகுதியில் பழுதாகும் என்று முன்கூட்டியே கணிக்கும் மாடல் ஒன்றை நான் உருவாக்கினேன். பழுது பார்க்கும் குழு முதலில் எங்கே செல்ல வேண்டும் என்பதை அந்தக் கணிப்பே தீர்மானிக்கும். கையில் இருந்தது ஐந்தாண்டுப் புகார்ப் பதிவேடு. அதில் 'பெறப்பட்ட புகார்கள்' என்றிருந்த நெடுவரிசைக்கு, நிரல் எழுத வசதியாக இருக்கட்டும் என்று, 'பழுது' எனப் பெயர் மாற்றினேன். அரை நிமிட வேலை. அதன்பின் குழுவில் ஒருவருக்கும் அந்த எண்கள் புகார்கள் என்பது நினைவில் இல்லை. வரைபடத்திலும் அறிக்கையிலும் கூட்டத்திலும் அவை பழுதுகளாகவே பேசப்பட்டன. சோதனையில் துல்லியம் மிக நன்றாக வந்தது. புகாரைக் கொண்டு புகாரைக் கணித்து, அதைப் புகாரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு எப்படி வரும்?

தொலைபேசியில் முறையிடத் தெரிந்த, முறையிட்டால் ஆள் வருவார் என்று நம்பிய பகுதிகளுக்கே குழு திரும்பத் திரும்பச் சென்றது. சொல்லிச் சொல்லி அலுத்து, சொல்வதையே நிறுத்திவிட்ட பகுதிகள் பட்டியலின் அடியில் கிடந்தன. அங்கே யாரும் செல்லாததால் புதிய பதிவு எதுவும் ஏறவில்லை. பதிவு ஏறாததால் அடுத்த மாதக் கணிப்பில் அவை இன்னும் கீழே இறங்கின. எங்கள் திரையில் இதற்கான அறிகுறியே இல்லை. களப்பணியாளர் ஒருவர்தான் ஒருநாள் பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்து, "இங்கே பழுதே இல்லை என்கிறீர்கள். போன வாரம் இந்தத் தெருவைக் கணுக்கால் தண்ணீரில்தான் கடந்து வந்தேன்" என்றார். எட்டு மாதங்கள் கடந்திருந்தன.

இத்தவறு சிறிய குழுக்களோடு நிற்பதில்லை. 2019-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் சியாத் ஓபர்மேயரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மருத்துவ அல்காரிதத்தை (கணிப்புக்கான கணினி வழிமுறையை) ஆராய்ந்தது. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்பதை அது அவரவருக்கு ஆகும் மருத்துவச் செலவைக் கொண்டு கணித்தது. சிகிச்சை எளிதில் கிட்டாத கறுப்பின நோயாளிகளுக்குச் செலவும் குறைவாகவே ஆகியிருந்ததால், நோய் முற்றியவர்கள்கூடக் குறைந்த ஆபத்துள்ளவர்களாகக் கணிக்கப்பட்டார்கள். அந்தக் கோளாறு நீங்கினால், கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வு காட்டியது. அங்கே 'செலவு' என்பது 'தேவை' ஆகிவிட்டது. என் கோப்பில் 'புகார்' என்பது 'பழுது' ஆனது போல.

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது, பிழை கணிதத்துக்கு வெளியே இருக்கும்போது நாம் கணிதத்தையே மேலும் மேலும் கூர்தீட்டிக்கொண்டிருப்பதுதான். இப்போது நிரலின் முதல் வரிக்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கிறேன்: அறிய விரும்புவது என்ன, கையில் உள்ள எண் உண்மையில் எதை எண்ணுகிறது, இரண்டுக்கும் இடையே விடுபடுகிறவர்கள் யார். நெடுவரிசையின் மூலப் பெயரை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை. மாதந்தோறும் பட்டியலின் அடியிலிருந்து சில பகுதிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அங்கேயும் குழுவை அனுப்பச் சொல்கிறேன். கணிப்பு தவறென்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

இனம், பாலினம் பற்றிய விவரத்தை நீக்கினால் நடுநிலை வந்துவிடும் என்று நம்புவது

வராது. மேலே சொன்ன மருத்துவ அல்காரிதத்துக்கும் இனம் என்ற விவரம் கொடுக்கப்படவில்லை; செலவின் வழியே பாகுபாடு உள்ளே வந்தது.

பெயரை அழித்தால் ஆளும் மறைந்துவிடுவார் என்று எண்ணுவது

பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 1990-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார். 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டபோது, தேடிய சொற்களை வைத்தே ஒரு பெண்மணியைச் செய்தியாளர்கள் சில நாட்களில் கண்டுபிடித்தார்கள். பிறர் கையிலுள்ள பட்டியலோடு சேர்ந்தால் உங்கள் கோப்பு என்ன சொல்லும் என்பதை வெளியிடும் முன்பே சோதியுங்கள்.

ஒற்றைச் சராசரியைக் காட்டுவது

2018-இல் ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைக் கொண்டு பாலினத்தைச் சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை சென்றது. குழுவாரியாகப் பிரிக்காத துல்லிய எண்ணை நான் ஏற்பதில்லை.

'இறுதி முடிவு மனிதருடையதே' என்று எழுதிவிட்டு நகர்வது

மாடல் முடிவு சொன்ன முந்நூறு கோப்புகளை ஒரே நாளில் பார்க்க வேண்டியவர் ஒப்புதல் பொத்தானைத்தான் அழுத்துவார்.

மெய்ப்பிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் வைப்பது

ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று அழைக்கப்பட்ட அரசுத் திட்டம், ஒருவரின் ஆண்டு வருமானத்தை இருவார அளவாகச் சமமாகப் பிரித்து, அவர் நலத்தொகையை அளவுக்கு மீறிப் பெற்றதாகக் கணக்கிட்டது. சில மாதம் வேலையிருந்து சில மாதம் இல்லாமலிருந்தவர்கள்மீது இல்லாத கடன் ஏறியது. அது தவறென்று பழைய ஊதியச் சீட்டுகளைத் தேடியெடுத்து மெய்ப்பிக்க வேண்டியவர்களும் அவர்களே. 2023-இல் விசாரணை ஆணையம் தன் அறிக்கையில் இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. உங்கள் மாடல் ஒருவரைத் தவறாகக் கணித்தால், அவர் யாரிடம் சொல்வார், எத்தனை நாளில் பதில் கிடைக்கும், அதுவரை நடவடிக்கை நிற்குமா என்பதை வெளியிடும் நாளுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். என் குழாய் மாடலின் பட்டியலில் இப்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே, களப்பணியாளர் நேரில் கண்டதை எழுத ஓர் இடம் உண்டு. அங்கே எழுதப்பட்டதை நான் படித்துக் கையெழுத்திடாமல் அடுத்த மாதக் கணிப்பு ஓடாது.