இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்: புதிதாக வந்த குடும்பங்களுக்கு

ஊரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் என்றால் வீடே ஆஸ்பத்திரிக்கு இடம் மாறும். ஒருவர் இரவில் கூடவே படுப்பார், ஒருவர் சாப்பாடு கொண்டுவருவார், பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரிசையாக நிற்பார்கள். இங்கே காலையில் ஆபரேஷன் முடிந்தால் பெரும்பாலும் அன்று மாலையே பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சையாளர்) வந்து எழுப்பி நிறுத்தி நடக்க வைப்பார். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது துரத்துவது போலத் தெரியும். இந்த நாட்டுக் கணக்கு வேறு: மூட்டை மாற்றுவது ஆஸ்பத்திரியின் வேலை, நடந்து தேறுவது நோயாளியின் வேலை. அந்த இரண்டாவது பாதி உங்கள் வீட்டில்தான் நடக்கப்போகிறது. அதனால் தேதி வருவதற்கு முன்பே வீடும் வீட்டு ஆட்களும் தயாராக வேண்டும்.

முதலில் காசு விஷயம்

இது முழுக்க விசாவைப் பொறுத்தது. வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ வந்து, விண்ணப்பத்தோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டியிருந்தால் என்.எச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவச் சேவை) இந்த ஆபரேஷனுக்குத் தனியாகப் பணம் இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு அது வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கும், தஞ்சம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் இலவசம். முடிவு வராமல் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது என்று நம்மில் சிலர் பயந்து வலியோடு இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் கதை வேறு. ஜிபியை, அதாவது பகுதிக் குடும்ப டாக்டரைப் பார்ப்பது அவர்களுக்கும் இலவசம்தான். ஆனால் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு என்.எச்.எஸ். கட்டணத்தில் ஒன்றரை மடங்கு கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். 500 பவுண்டும் அதற்கு மேலும் கட்டாமல் இரண்டு மாதம் கடந்தால் உள்துறை அலுவலகத்துக்குத் தகவல் போகலாம். அடுத்த விசாவுக்கு அது இடைஞ்சல். ஏற்கெனவே இருந்த நோய் என்பதால் பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். நெடுநாளாக இடுப்பு வலி உள்ள அப்பாவை இங்கே அழைத்து வந்து சரிசெய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: சென்னையிலோ கொழும்பிலோ முடித்துவிட்டு, தேறிய பிறகு அழைத்து வாருங்கள். இங்கே வந்த இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பில் பின்னால் வரும். ஆனால் பணத்துக்காக அவசர சிகிச்சையை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

ஜிபியிடம் எப்படிச் சொல்வது

ஜிபியிடம் பதிவு செய்ய விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. ரிசப்ஷனில் கேட்டாலும், இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே சொன்னால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். மலச்சிக்கலையும் இரவு வலியையும் பேரன் முன்னால் எந்தப் பாட்டி சொல்வார்?

இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். "முட்டி வலி" என்று சொல்லி, முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, அங்கே ஒன்றுமில்லை என்று திரும்பி வருவது இப்படித்தான். இன்னொரு சிக்கல், நம் பெரியவர்களின் பண்பு. டாக்டர் கேட்டால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பார்கள். இங்கே அந்தப் பதில் அப்படியே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பல இடங்களில் ஆக்ஸ்ஃபோர்டு ஹிப் ஸ்கோர் என்ற 12 கேள்விப் படிவம் தருவார்கள். 0 முதல் 48 வரை மதிப்பெண். குறைவாக இருந்தால் நிலைமை மோசம். சாக்ஸ் போட முடிகிறதா என்று அதில் ஒரு கேள்வி. "நான் சாக்ஸே போடுவதில்லையே" என்று தாண்டிவிடாமல், குனிந்து கால் நகம் வெட்ட முடிகிறதா என்று நினைத்துப் பார்த்துப் பதில் எழுதுங்கள். எத்தனை நிமிடம் நடந்ததும் வலிக்கிறது, மாடிப்படி எப்படி ஏறுகிறீர்கள், இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்று நடப்பதை நடக்கிறபடியே சொல்லுங்கள்.

முதலில் பிசியோவும் வலி மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம்தான் ரெஃபரல், அதாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பரிந்துரை. எந்த ஆஸ்பத்திரி என்று தேர்வு செய்யும் உரிமை இங்கிலாந்தில் உங்களுக்கு உண்டு. என்.எச்.எஸ்.ஸுக்காக ஆபரேஷன் செய்யும் தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கும், உங்களுக்குச் செலவு கிடையாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் வரிசை நீளம் என்றால் அடுத்த ஊரையும் கேளுங்கள். 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதைவிட அதிகம் காத்திருப்பவர்கள் ஏராளம். திடீரென்று யாராவது ரத்து செய்தால் என்னால் உடனே வர முடியும் என்று புக்கிங் அலுவலகத்தில் சொல்லி வைப்பது பல நேரம் பலிக்கும். காத்திருக்கும் காலத்தில் இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போவதாக இருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வந்த கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் பெயரை எடுத்து ஜிபிக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

தேதிக்கு முன்

ஆபரேஷனுக்கு முன் செய்யும் ப்ரீ-ஆப் பரிசோதனையில் ரத்தம், இ.சி.ஜி., ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். நம்மவர்களுக்குத் தேதி தள்ளிப்போக முக்கியக் காரணம் சர்க்கரை. HbA1c என்ற மூன்று மாத சர்க்கரைச் சராசரி 8.5 சதவீதத்துக்குள், இங்கத்தைய கணக்கில் 69-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. ரெஃபரல் போன நாளிலிருந்தே இதைக் கவனியுங்கள், கடைசி மாதத்தில் இறக்க முடியாது. ரத்தசோகை இருந்தாலும் முன்பே சரிசெய்ய வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, பயறு, தயிர், பனீர் என்று புரதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்; ஆபரேஷனை ஒட்டி நீண்ட விரதம் வேண்டாம். ஊரிலிருந்து வந்த சித்த மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல் எதுவானாலும் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அவற்றில் சில ரத்தம் உறைவதைக் குறைக்கும். சொத்தைப் பல், காலில் ஆறாத புண் இருந்தால் முன்பே பார்த்துவிட வேண்டும். அங்கிருந்து கிருமி புது மூட்டுக்குப் போய்ச் சேரலாம்.

அன்றைக்கு வளையல், மெட்டி, மூக்குத்தி கழற்ற வேண்டிவரும். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் முன்பே சொல்லுங்கள். டேப் போட்டு ஒட்டிவிடச் சம்மதிப்பார்களா என்று கேட்கலாம். விரல் நுனியில் மருதாணி வேண்டாம். ஆக்சிஜன் அளக்கும் கிளிப்புக்கு அது தொந்தரவு.

இப்போது வீடு. அன்றாட வேலைகளுக்கு வழி சொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு படிவம் அனுப்புவார்: நாற்காலி, கட்டில், டாய்லெட் மூன்றும் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று. இதை அலட்சியமாகக் கண்ணால் அளந்து நிரப்புகிறவர்கள் அதிகம். டேப் எடுத்து அளந்து எழுதுங்கள், ஆள் உட்கார்ந்தால் மெத்தை எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் சேர்த்து. உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் வரவேற்பறையில் கிடக்கும் புதைகிற சோபா இதற்கு ஆகவே ஆகாது. கைப்பிடி உள்ள உயரமான, கெட்டியான நாற்காலி ஒன்று போதும். அளவைப் பார்த்து டாய்லெட் சீட்டை உயர்த்தும் கருவி, கட்டிலுக்குக் கட்டை, சமையலறையில் சாய்ந்து உட்கார உயரமான ஸ்டூல், கீழே விழுந்ததை எடுக்கும் நீளக் கிடுக்கி எல்லாம் தருவார்கள். இங்கிலாந்தில் இவை பெரும்பாலும் இலவச இரவல். முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கால் தடுக்கும் மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள். அன்றாடம் எடுக்கும் அரிசி, பருப்பு, பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஜாயின்ட் ஸ்கூல் என்று ஒரு வகுப்புக்குக் கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளப்போகிறவரையும் அழைத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரியில்

இன்றைய வடிவத்தில் இந்த ஆபரேஷன் பிறந்ததே இந்த நாட்டில்தான்: 1962-இல் லங்காஷயரின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஜான் சார்ன்லி செய்தது. ஆகவே அவர்களுக்கு இது வழக்கமான வேலை. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். கையெழுத்து வாங்கும்போது தேசிய மூட்டுப் பதிவேட்டில் உங்கள் விவரத்தைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தயங்காமல் சரி சொல்லுங்கள்; பின்னாளில் ஒரு வகை மூட்டில் கோளாறு தெரிந்தால் உங்களைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

ரத்தக்கட்டு வராமல் இருக்கப் போடும் ஊசி பல இடங்களில் ஹெப்பரின் வகை. அது பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. மதத்துக்காகவோ சைவம் என்பதற்காகவோ அது வேண்டாம் என்றால் ப்ரீ-ஆப்பிலேயே சொல்லுங்கள், மாற்று மருந்துகள் உண்டு. அந்த ஊசியையோ மாத்திரையையோ வீட்டிலும் சில வாரம் தொடர வேண்டும். வயிற்றில் குத்திக்கொள்ள நர்ஸ் கற்றுக்கொடுக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

படி ஏறி இறங்கத் தெரிந்த பிறகே அனுப்புவார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் செய்த காலும் முதலில்.

வீட்டில் ஆறு வாரம்

இங்கேதான் நம் பாசம் குறுக்கே வரும். "நீங்க எழுந்திருக்காதீங்க அம்மா" என்று தண்ணீர்கூடக் கட்டிலுக்கே கொண்டுவரும் மருமகள் நல்லவர்தான், ஆனால் அந்த உபசாரம் தசையைத் தளர்த்தி, ரத்தக்கட்டுக்கும் வழி வைக்கும். சமைத்துக் கொடுங்கள், சாக்ஸ் மாட்டிவிடுங்கள், கடைக்குப் போய் வாருங்கள். எழுந்து நடப்பதையும் பிசியோ சொன்ன பயிற்சியையும் மட்டும் அவர்களே செய்யட்டும். ஒரேயடியாகத் தூரம் போகாமல் மணிக்கொரு தரம் கொஞ்சம் நடந்தால் போதும். பயிற்சிக்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை போட்டால் எளிதாக இருக்கும். கோடீன் கலந்த மாத்திரை மலச்சிக்கல் தரும். ஆகவே பழம், கீரை, தண்ணீர் கூடுதலாக.

பல ஆஸ்பத்திரிகளில் சொல்லும் விதிகள் மூன்று: இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்காதீர்கள், கால் மேல் கால் போடாதீர்கள், ஊன்றிய கால் மேல் உடம்பைத் திருப்பாதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினார்கள் என்பதைப் பொறுத்துச் சில இடங்களில் இது தளர்ந்திருக்கிறது. உங்கள் சர்ஜன் சொன்னதே சட்டம். நம் மொழியில் சொன்னால் சம்மணம் வேண்டாம், குத்துக்கால் வேண்டாம், பூஜை அறையில் விழுந்து கும்பிட வேண்டாம். காயம் ஆறும்வரை எண்ணெய்க் குளியலும் தைலம் தேய்ப்பதும் கூடாது. பார்க்க வருகிறவர்கள் "எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்க" என்பார்கள். வாசல் வரை வழியனுப்ப நடப்பது நோயாளிக்கே நல்லது.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயம் சிவந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வார்டு எண்ணுக்கோ என்.எச்.எஸ். உதவி எண் 111-க்கோ அன்றே போன் செய்யுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அல்லது திடீரென்று தாங்க முடியாத வலியோடு கால் குட்டையாகத் தெரிந்தால் ஆம்புலன்ஸுக்கு 999.

வேலைக்குப் போகிறவர்கள் ஏழு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க ஃபிட் நோட் (விடுப்புக்கான மருத்துவச் சான்று) வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், ஜிபியைத் தேடி அலைய வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறு வாரம் வாக்கில் திரும்பலாம். கிடங்கிலும் கடையிலும் பாரம் தூக்குகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை ஆகும். கார் ஓட்டவும் சுமார் ஆறு வாரம்; அவசரமாகப் பிரேக்கை மிதிக்க முடிகிறதா என்பதே சோதனை. இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கேட்டுவிட்டு ஓட்டுங்கள். பக்கத்து சீட்டில் போவதானால் சீட்டைப் பின்னால் தள்ளி, மேலே ஒரு பிளாஸ்டிக் பை விரித்து, முதலில் உட்கார்ந்து பிறகு கால்களை உள்ளே திருப்பினால் உடம்பு எளிதாக வழுக்கித் திரும்பும்.

ஊருக்குப் போகும் ஆசை மூன்று மாதம் பொறுக்கட்டும். நீண்ட விமானப் பயணத்தில் ரத்தக்கட்டு ஆபத்து அதிகம். டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் உதவி கேளுங்கள், அதற்குப் பணம் இல்லை. பாதுகாப்புச் சோதனையில் மூட்டு மணி அடிக்கலாம், மூட்டு மாற்றியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போகிற வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும்தான் என்றால், மடக்கு கமோட் நாற்காலி ஒன்றைச் சர்ஜிக்கல் கடையில் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.