சொக்கோட்டோ வரலாற்றில் வழுக்கும் இடங்கள்

ஹைட்டியில் அடிமைகள் பிரெஞ்சுக்காரர்களை விரட்டி விடுதலை அறிவித்த அதே 1804-இல்தான், இன்றைய வடக்கு நைஜீரியாவில் உஸ்மான் தன் ஃபோதியோ என்ற மார்க்க அறிஞர், ஹவுசா இன மக்களின் அரசுகளில் ஒன்றான கோபிரின் மன்னர் யுன்ஃபாவுக்கு எதிராக ஜிஹாதில் இறங்கினார். 1808-இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ்ந்தது. உஸ்மான் தரப்பின் இஸ்லாமிய அரசான சொக்கோட்டோ கிலாஃபத் எழுந்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக எங்கே வழுக்குகிறார்கள்?

மார்க்கச் சீர்திருத்தம் என்றதும், அரேபியாவில் சூஃபி வழக்கங்களை எதிர்த்த வஹ்ஹாபிகளோடு உஸ்மானை முடிச்சுப் போடுவது முதல் தவறு. உஸ்மான் காதிரிய்யா தரீக்கா என்ற ஆன்மிக வழியைச் சேர்ந்த சூஃபி. தமிழ் முஸ்லிம்கள் முஹிய்யித்தீன் ஆண்டகை என்று போற்றும் அப்துல் காதிர் ஜீலானியே காட்சியில் தனக்கு வாள் கட்டிவிட்டதாகச் சொன்னவர்.

'உஸ்மானின் இனமான ஃபுலானிகள் ஹவுசாக்களை அடக்கிய இனப்போர்' என்று ஒரே வரியில் முடிப்பது இன்னொன்று. இது முழுப் பொய்யும் இல்லை. வென்றபின் அமீர் (வட்டார ஆட்சியாளர்) பதவிகள் பெரும்பாலும் ஃபுலானிகளுக்கே போயின. ஆனால் வரிக்கொடுமையில் நொந்த ஹவுசாக்களும் உஸ்மான் பக்கம் நின்றார்கள்.

என் கணக்கில் பெரிய தவறு, வென்றவர்கள் எழுதியதை மட்டும் படிப்பது. கிழக்கே இருந்த முஸ்லிம் அரசான போர்னுவும் தாக்கப்பட்டபோது அங்கிருந்த அறிஞர் அல்-கனேமி கடிதம் எழுதிக் கேட்டார்: எங்களோடு ஏன் போர்? மரத்தடியில் தர்மம் கொடுப்பது, பெண்கள் தலையை மூடாதது, லஞ்சம், அனாதைச் சொத்தைத் தின்பது என்று போருக்குக் காரணமாக உஸ்மான் தரப்பினர் பட்டியல் போட்டிருந்தார்கள். சரி, அவையெல்லாம் பாவம்தான், ஆனால் குஃப்ர் (இறைமறுப்பு) ஆகாதே என்றார் அல்-கனேமி. எகிப்திலும் சிரியாவிலும் இவை இல்லையா என்றும் கேட்டார். உங்கள் ஆட்கள் கிதாபுகளை (மார்க்க நூல்களை) தெருவில் வீசுகிறார்கள், அவற்றில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறதே என்று ஓர் இடி வேறு. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கடிதங்களைத் தன் நூலில் சேர்த்துக் காப்பாற்றியவர் எதிர்த்தரப்பிலிருந்த உஸ்மானின் மகன் முஹம்மது பெல்லோதான்.

அப்புறம், புரட்சிக் காலம் என்பதால் இங்கேயும் அடிமை ஒழிப்பைத் தேடுவார்கள். கிடைக்காது. சுதந்திர முஸ்லிம்களை அடிமையாக்குவதைத்தான் உஸ்மான் கண்டித்தார்; அடிமை முறையை அல்ல. போரில் பிடிபட்டவர்கள் கிலாஃபத்தின் வயல்களிலேயே உழைத்தார்கள். இந்தப் போர்களில் சிக்கிய ஹவுசா முஸ்லிம்கள் பலர் கடல் கடந்தும் விற்கப்பட்டார்கள். பிரேசிலின் பாஹியாவில் 1835-இல் முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தபோது, முன்னணியில் யோருபாக்கள் இருந்தாலும், கூட்டத்தில் ஹவுசாக்களும் இருந்தார்கள்.