ஸ்மார்ட்போன் சந்தையில் முதலிடம் யாருக்கு? கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

ஒவ்வொரு காலாண்டும் முடிந்த சில வாரங்களில் "ஆப்பிள் முதலிடம்", "சாம்சங் முந்தியது" என்று செய்திகள் வரும். அவற்றில் முதலில் தேட வேண்டியது, எதை எண்ணினார்கள் என்பதை. 2024-க்குச் சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசி வெளியிட்ட கணக்கில் ஆப்பிள் 23.21 கோடி போன்களோடு முதலிடம் (18.7 சதவீதம்), சாம்சங் 22.34 கோடி (18 சதவீதம்). அதே ஆண்டுக்கு இன்னொரு ஆய்வு நிறுவனமான கவுன்டர்பாயின்ட் தந்த முதல்கட்டக் கணக்கில் சாம்சங் 19 சதவீதம், ஆப்பிள் 18.

இரண்டுமே தப்பில்லை. ஐடிசி எண்ணியது ஷிப்மென்ட், அதாவது தயாரிப்பாளரிடமிருந்து கிளம்பிய போன்கள். கவுன்டர்பாயின்ட் எண்ணியது வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தவை. கடையிலும் மொத்த வியாபாரியின் கிடங்கிலும் தேங்கி நிற்கும் சரக்கு முதல் கணக்கில் வரும், இரண்டாவதில் வராது. எண்ணும் முறையும் மதிப்பிடும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ஒருவருடைய எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு ஒட்டவே கூடாது. ஐடிசியை ஐடிசியோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் போன ஆண்டு எண்ணைப் பழைய அறிக்கையிலிருந்து எடுக்காமல், புது அட்டவணையின் பக்கத்துப் பத்தியிலிருந்து எடுங்கள். முதல்கட்ட மதிப்பீடுகள் பின்னால் திருத்தப்படுவது வழக்கம்.

வித்தியாசம் எவ்வளவு என்றும் பாருங்கள். மேலே சொன்ன ஐடிசி கணக்கில் இடைவெளி 87 லட்சம் போன். பெரிதாகத் தெரிகிறது, மொத்தச் சந்தை சுமார் 124 கோடி என்பதால் அது வெறும் 0.7 சதவீதம். மதிப்பீட்டுக் கணக்கில் ஒரு சதவீதத்துக்குக் குறைவான இடைவெளியைச் சமநிலை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிடாதீர்கள். புது ஐபோன்கள் பெரும்பாலும் செப்டம்பரில் வருவதால் அக்டோபர்-டிசம்பரில் ஆப்பிள் உச்சத்தில் இருக்கும். கேலக்ஸி எஸ் வரிசை ஆண்டுத் தொடக்கத்தில் வருவதால் ஜனவரி-மார்ச் சாம்சங்குக்குச் சாதகம். போன வருடத்து அதே காலாண்டுதான் சரியான அளவுகோல்.

அடுத்து, ஒரு பெயருக்குள் எத்தனை பிராண்டுகள் அடக்கம்? ஷாவ்மியில் ரெட்மியும் போக்கோவும் சேரும், விவோவில் ஐக்கூ சேரும். டிரான்ஷன் என்ற பெயரில் போனே கிடையாது. டெக்னோ, இன்ஃபினிக்ஸ், ஐடெல் மூன்றும் சேர்ந்ததுதான் அது. இங்கே பலர் சறுக்குவது ஹுவாவே விஷயத்தில். 2020-க்கும் 2021-க்கும் நடுவே அதன் எண்ணிக்கை சரிந்ததற்கு, 2020 செப்டம்பரில் இறுகிய அமெரிக்கச் சிப் தடை ஒரு காரணம். 2020 நவம்பரில் ஹானர் பிராண்டை அது விற்றுவிட்டது இன்னொன்று. ஹானர் போன்கள் அட்டவணையில் வேறு வரிசைக்கு நகர்ந்ததையும் தடையின் கணக்கில் எழுதினால் சரிவு மிகைப்படும்.

எண்ணிக்கையைவிடப் பணம்தான் போட்டியின் நிஜ நிலவரத்தைக் காட்டும் என்பது எங்கள் கருத்து. கணக்கு எளிது: போன் வருவாயைப் போன் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி விற்பனை விலை. ஷாவ்மியின் 2024 போன் வருவாய் 19,180 கோடி யுவான், விற்றது 16.85 கோடி போன். ஒரு போனுக்குச் சுமார் 1,138 யுவான். இதே கணக்கை ஆப்பிளுக்குப் போடும்போது இரண்டு இடத்தில் இடிக்கும். 2018-க்குப் பிறகு ஆப்பிள் எத்தனை போன் விற்றது என்று சொல்வதில்லை, ஆகவே எண்ணிக்கைக்கு வெளியார் மதிப்பீடுதான் கதி. அதன் நிதியாண்டும் செப்டம்பர் கடைசியில் முடிகிறது. அவர்கள் சொல்லும் முதல் காலாண்டு அக்டோபர்-டிசம்பர். நிதியாண்டு வருவாயைக் காலண்டர் ஆண்டு எண்ணிக்கையால் வகுத்தால் விடை பிசகும். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரையிலான நான்கு காலாண்டு வருவாயைக் கூட்டிக்கொண்டு பிறகு வகுங்கள்.

கடைசியாக, போன்கள் எங்கே விற்றன? 2020 ஏப்ரல்-ஜூனில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஹுவாவே 5.58 கோடி, சாம்சங் 5.37 கோடி. ஹுவாவே உலகத்தையே பிடித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதன் விற்பனையில் 70 சதவீதத்துக்கு மேல் சீனாவுக்குள் நடந்தது. சாம்சங்குக்குச் சீனாவில் பிடிப்பே இல்லை, அதன் மற்ற சந்தைகளோ கொரோனா ஊரடங்கில் மூடிக் கிடந்தன. கடைகள் திறந்த அடுத்த காலாண்டிலேயே சாம்சங் 8.02 கோடிக்கு ஏற, ஹுவாவே 5.17 கோடிக்கு இறங்கியது.