மனை வாங்குமுன் இரண்டு அரசுத் தளங்களை ஒப்பிட்டுப் படிக்கும் முறை

தமிழ்நாட்டில் மனையோ விளைநிலமோ வாங்க எண்ணுபவர், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் பின்னணியில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தபடியே பார்த்துவிட முடியும். பட்டாவும், கிராமத்தின் ஒவ்வொரு புலத்தின் விவரத்தையும் தரும் அ-பதிவேடும் நில ஆவணங்களுக்கான அரசு மின்சேவைத் தளத்தில் உள்ளன. நிலத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்க விவரம் பதிவுத்துறையின் தளத்தில் உள்ளது. இவை வெவ்வேறு துறைகள் தனித்தனியே பராமரிக்கும் பதிவுகள் என்பதால், இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிப்பதே முறை.

முதலில் மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தெரிவுசெய்ய வேண்டும். அதன்பின், விற்பவர் காட்டும் நகலிலுள்ள பட்டா எண்ணைக் கொண்டு தேடுவதைவிடப் புல எண்ணையும் (சர்வே எண்) உட்பிரிவையும் கொடுத்துத் தேடுவது நல்லது. அந்த நிலம் இன்று யார் பெயரில், எந்தப் பட்டாவில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0-12.50 என்றிருந்தால் பன்னிரண்டரை ஏர், அதாவது 1,250 சதுர மீட்டர். ஏறத்தாழ 31 சென்ட். விற்பவர் 35 சென்ட் என்று சொல்லியிருந்தால், மீதி எங்கே என்று இப்போதே கேட்டுவிடலாம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் ஒவ்வொரு பெயரையும் குறித்துக்கொள்ளவும். நிலம் புறம்போக்கு அல்ல என்பதை அ-பதிவேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது வில்லங்க விவரம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேடும் காலம், புல எண் ஆகியவற்றை உள்ளிட வேண்டும். பலர் கோட்டை விடுவது உட்பிரிவில்தான். 112/3 என்றிருந்த புலம் பின்னாளில் 112/3ஏ, 112/3பி எனப் பிரிந்திருந்தால், அதற்கு முந்தைய பத்திரங்கள் பழைய எண்ணிலேயே பதிவாகியிருக்கும் என்பதால், அந்த எண்ணிலும் தனியே தேட வேண்டும். கிராமம் வேறொரு சார்பதிவாளர் எல்லையிலிருந்து மாற்றப்பட்டதாக இருந்தால், பழைய அலுவலகத்தையும் விட்டுவிடக் கூடாது.

வில்லங்கத்தில் கடைசியாகக் கிரயம் பெற்றவர் பெயரும் பட்டாவிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையெனில் பட்டா மாறுதல் செய்யப்படாமல் இருக்கலாம், அல்லது உரிமை வாரிசுகளுக்குப் போயிருக்கலாம். இரண்டாவது நிலையில் வாரிசுச் சான்றைக் கேட்டு, அதிலுள்ள அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அடமானப் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பின்னால் பதிவாகியிருக்க வேண்டும்.

உயில்கள் பதிவு அலுவலகத்தில் 3-ஆம் புத்தகம் என்னும் தனிப் பதிவேட்டில் பதியப்படுவதால், வில்லங்க விவரத்தில் தென்படா. பதியப்படாத ஒப்பந்தங்களும் அவ்வாறே. பட்டாவும் வருவாய்ப் பதிவேயன்றி, உரிமையை அறுதியிடும் ஆவணமன்று. ஆகவே முந்தைய உரிமையைக் காட்டும் மூல ஆவணமான தாய்ப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டியே தீர வேண்டும். விற்பவர் இணையப் பட்டா நகல் தந்தால், அதன் அடியில் அச்சாகியுள்ள குறிப்பு எண்ணை மின்சேவைத் தளத்தில் நீங்களே உள்ளிட்டு, திரையில் வருவதும் கையிலுள்ளதும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொள்ளவும்.